பள்ளிக்கூடம் முடிந்து கட்டடத் துறைக்குப் படிக்க வருவது எப்படி? திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

பெறுபேறு வந்த கிழமையில் சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களின் சிநேகிதர்கள் என்று நிறையப் பேர் எனக்கு ஃபோன் எடுப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எந்த சொஃப்ட்வெயார் படிச்சா டக்கெண்டு வேலை கிடைக்கும்?"

நான் தம்பலகாமத்துப் பெண். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, தொழில்நுட்பக் கல்விப் பக்கம் வந்தேன். இப்போது திருகோணமலை டவுனில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் கணிய அளவை வேலை. காலையில் சைட், பின்னேரம் ஒஃபிசில் கணக்கு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளைப் பழக்குவதும் என் தலையில்தான். அதனால் சொல்கிறேன்: சொஃப்ட்வெயார் கடைசி. ஆட்டோகேட் என்கிற படம் கீறுகிற சொஃப்ட்வெயார் தெரியாமல் வருகிறவனுக்கு அதைக் கொஞ்ச நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அளந்ததை ஒழுங்காக எழுதத் தெரியாதவனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

மூன்று வேலை, மூன்று விதமான நாள்

"சிவில்" என்று ஒரே சொல்லில் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே வந்தால் வேறு வேறு வேலைகள்.

படவரைஞர் என்றால் நாள் முழுக்க மேசையில். வீட்டுக்காரர் சொல்வதையும் கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ கீறித் தருவதையும், மேசன் வாசிக்கக்கூடிய படமாக மாற்றுவது உங்கள் வேலை. பிரதேச சபைக்குக் கட்டட அனுமதிக்குப் போகிற படமும் இதற்குள் வரும். கதிரையில் இருக்கப் பொறுமை வேண்டும். ஒரு விஷயம், படவரைஞர் வேறு, கட்டடக் கலைஞர் வேறு. இரண்டாவதுக்கு மொறட்டுவையில் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது.

நில அளவை என்றால் வெயில். முக்காலி, தூரமும் கோணமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவி, அதற்கு எதிரே பிரிசம் பிடிக்கிற தம்பி, பத்தைக்குள் கத்தி. வேலிச் சண்டைக்கு நடுவில் நின்று அமைதியாக அளக்கிற மனமும் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்தின் காணிகளில் எல்லைக்கல் இருக்காது, சிலபேரிடம் காணி உறுதியே இருக்காது. அங்கே நில அளவையாளருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் காணிப் படத்தில் கையெழுத்து வைக்கும் உரிமை 2002-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்கீழ்ப் பதிவும் அனுமதிப்பத்திரமும் உள்ளவருக்கு மட்டுமே. டிப்ளோமாவோடு நிற்கிறவர் அவருக்குக் கீழே உதவியாளராக இருக்கலாம், அல்லது கட்டுமான சைட்டில் அளவை வேலை பார்க்கலாம். சொந்தப் பெயரில் காணி அளக்க முடியாது.

கணிய அளவை, அதாவது கியூ.எஸ்., என் வேலை. படத்தைப் பார்த்து எத்தனை கன மீற்றர் கொங்கிறீற், எத்தனை கிலோ கம்பி, எவ்வளவு காசு என்று சொல்வது. வேலை தொடங்கியபிறகு மாதாமாதம் செய்த வேலையை அளந்து பில் போடுவது. வாய்க்கணக்கு வேகம், எழுத்தில் ஒழுங்கு, கொஞ்சம் சண்டைபோடும் குணம், மூன்றும் உதவும்.

எது உங்களுக்கு என்று தெரியாவிட்டால் சம்பளத்தை விட்டுவிட்டு, எந்த நாளை உங்களால் தாங்க முடியும் என்று யோசியுங்கள். வெயில் ஒத்துக்கொள்ளாதவர் நில அளவைக்குப் போய்ப் பாதியில் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வாசலால் நுழைவது

சாதாரண தரத்தோடு நிற்கிறீர்களா? கணிதத்தில் சித்தி இருந்தால் கதவு திறந்துதான் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் தொழில்நுட்பக் கல்லூரி திருகோணமலையிலேயே இருக்கிறது. அரச கல்லூரியில் முழுநேரப் பாடநெறிக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. எந்த வருஷம் எந்தப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள், எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்பது மாறும். விண்ணப்பம் கோரும்போது பத்திரிகையிலும் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வரும். அதை மட்டும் நம்பியிருக்காமல் கல்லூரி அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். நேரே போனால் பத்து நிமிஷ வேலை.

என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமை 1 முதல் 7 வரை. 4 வரைக்கும் சான்றிதழ், 5-உம் 6-உம் டிப்ளோமா, 7 பட்டம். சாதாரண தரத்தோடு வந்தவர் 3 அல்லது 4-இல் தொடங்கி, 5, 6 என்று ஏறி, இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யூனிவொடெக்கில் பட்டம் வரை போகலாம். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. "ஏ.எல். இல்லாட்டி எல்லாம் முடிஞ்சுது" என்று நினைத்து, எத்தனையோ பிள்ளைகள் முச்சக்கர வண்டி லீசிங்குக்குப் போய்விடுகிறார்கள்.

உயர்தரம் கணிதப் பிரிவு செய்தவர்களுக்குக் கூடுதல் வழி. புள்ளி போதுமென்றால் கணிய அளவையியலுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். நில அளவைக்குச் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் ஜியோமெட்டிக்ஸ் பீடம், பெலிகுல்ஓயாவில். தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அந்தத் திணைக்களம் 1800-இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் ஒன்று. புள்ளி கொஞ்சம் குறைந்தால் மொறட்டுவையின் தொழில்நுட்ப நிறுவகம் தியகமையில் நடத்துகிற என்.டி.டி. (தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா), கட்டுநாயக்கவில் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையான நைட்டா நடத்துகிற என்.டி.இ.எஸ். (தேசிய பொறியியல் விஞ்ஞான டிப்ளோமா). இரண்டும் டிப்ளோமா. இரண்டுக்கும் தொழில்துறையில் நல்ல பெயர். எங்கள் ஊரில் இருந்து போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் விண்ணப்பத் திகதி எப்போது வந்து போனது என்றே தெரியாது. திகதியைத் தேடிக் கலண்டரில் எழுதிவையுங்கள்.

தொழில்நுட்பப் பிரிவு செய்தவர்களை மறக்கவில்லை. 2013-இல் பாடசாலைகளில் தொடங்கிய பிரிவு அது. பொறியியல் தொழில்நுட்பம் பாடத்தில் கட்டட வேலையும் அளவையும் கொஞ்சம் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். டிப்ளோமாவுக்கு வந்தால் முதல் தவணை உங்களுக்கு லேசாக இருக்கும். கலை, வர்த்தகம் செய்தவர்கள் என்.வி.கியூ. வழியால் தாராளமாக வரலாம். சாதாரண தரக் கணிதத்தை, அதிலும் திரிகோணகணிதத்தையும் பரப்பளவையும் ஒருமுறை தூசு தட்டிக்கொள்ளுங்கள்.

தனியார் நிறுவனங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி வேலை கேட்டு வந்தார். நல்ல கெட்டிக்காரன். கையில் பளபளப்பான "டிப்ளோமா", அதற்கு அவர் வாப்பா கட்டிய காசும் கொஞ்ச நஞ்சமில்லை. அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழுக்கு என்.வி.கியூ. மட்டமே இல்லை. ஆகவே காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? இரண்டு, நான் படிக்கப்போகிற இந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றதா? முதலாவதுக்கு "ஓம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

காத்திருக்கிற மாதங்களில்

பெறுபேற்றுக்கும் கல்லூரி தொடங்குவதற்கும் இடையில் நிறைய நாள் சும்மா போகும். அதில் உங்கள் வீட்டை அளந்து படம் கீறிப் பாருங்கள். செலவு ஒரு 5 மீற்றர் டேப், ஏ3 தாள், ஒரு கிளச் பென்சில், ஒரு முக்கோண ஸ்கேல்.

அறையின் நான்கு சுவரை அளந்தால் மட்டும் போதாது. இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமில்லையென்றால் மூலைகள் செங்கோணமில்லை, அறை கோணல். அளந்து பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு அறையாவது கோணலாக இருக்கும், அதைப் பார்த்து அப்பா மேசனைத் திட்டுவார். கதவு ஜன்னலை ஒவ்வொன்றாக அளக்காமல், சுவரின் ஒரு மூலையில் டேப்பின் பூச்சியத்தை வைத்து, ஓடிக்கொண்டே அளவுகளை எழுதுங்கள்: 0.90, 1.80, 3.15 என்று. தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வருகிற சின்னப் பிழையும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் 1:100-இல் தரைப்படம், 1:50-இல் ஒரு குறுக்குவெட்டு. குறுக்குவெட்டுத்தான் பாடம். அத்திவாரம் எவ்வளவு ஆழம், ஜன்னல் தரையில் இருந்து எவ்வளவு உயரம், லின்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற உத்தரம்) எங்கே, கூரை மரம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் யோசிக்கவைக்கும்.

அடுத்தது காணி. வீட்டில் உள்ள காணிப் படத்தை எடுத்து விரியுங்கள். ஏக்கர், ரூட், பேர்ச் என்று பரப்பு எழுதியிருக்கும். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. புதிய படங்களில் ஹெக்டேயரில் இருக்கும். நான்கு எல்லையையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து, காணியை இரண்டு முக்கோணமாக்கி, பக்கங்களை வைத்துப் பரப்பைக் கண்டுபிடியுங்கள். 10 பேர்ச் காணி என்றால் 2722.5 சதுர அடி வர வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய வரும். நிறைய வித்தியாசம் வந்தால் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகாமல், முதலில் உங்கள் டேப்பைச் சந்தேகப்படுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும்.

அலகுகளையும் இப்போதே பழகுங்கள். படம் மீற்றரில் இருக்கும், காணி பேர்ச்சில், மணல் கியூப்பில், மேசன் பேசுவது அடியில். ஒரு கியூப் என்றால் 100 கன அடி, 2.83 கன மீற்றர். பூச்சுக்கும் தரை ஓட்டுக்கும் கூலி பேசுகிறபோது ஒரு ஸ்குயார் என்றால் 100 சதுர அடி, 9.29 சதுர மீற்றர். இவற்றை மனதில் மாற்றத் தெரியாமல் சைட்டில் நின்றால், டிப்பர்காரர் இரண்டரைக் கியூப்பை மூன்று என்று இறக்கிவிட்டுப் போவார், நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள்.

மட்டப் புத்தகம்

கல்லூரியில் முதல் செய்முறைப் பாடங்களில் லெவல் வரும். அதன் வாசிப்புகளை எழுதுகிற புத்தகம்தான் மட்டப் புத்தகம். இங்கேதான் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

லெவல் கருவி செய்வது ஒன்றே ஒன்று: கிடையாக ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டின் உயரம் தெரிந்தால், ஸ்டாஃபில், அதாவது அளவு குறித்த நீளக்கோலில், வாசிக்கிற எண்ணைக் கழித்து எந்த இடத்தின் மட்டத்தையும் சொல்லலாம். வாசற்படியை 10.000 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஸ்டாஃபை வைத்து வாசிக்கிறோம், 1.425. இதுதான் பின்நோக்கு. கருவியின் கோடு 11.425-இல் நிற்கிறது. முற்றத்தில் ஒரு இடத்தில் 1.210, அது இடைநோக்கு. அந்த இடத்தின் மட்டம் 10.215. மதிலடியில் 0.980, மட்டம் 10.445. இதற்கு மேல் மரம் மறைக்கிறது, கருவியைத் தூக்க வேண்டும். ஆகவே மதிலடி வாசிப்பு முன்நோக்கு ஆகிறது, ஸ்டாஃப் அசையாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும். கருவியை மாற்றி வைத்து அதே இடத்தை மறுபடி வாசிக்கிறோம், 1.655. புதுக் கோடு 12.100. கடைசி இடம், ரோட்டு வடிகானின் விளிம்பு, 2.040. இதுவும் முன்நோக்கு. மட்டம் 10.060.

சரிபார்ப்பது எப்படி? பின்நோக்கு எல்லாம் கூட்டினால் 3.080. முன்நோக்கு எல்லாம் கூட்டினால் 3.020. வித்தியாசம் 0.060. கடைசி மட்டத்தில் முதல் மட்டத்தைக் கழித்தாலும் 0.060. சரி. இந்தக் கணக்கு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சரிபார்ப்பு உங்கள் கூட்டல் கழித்தலைத்தான் பார்க்கும். 1.425-ஐ 1.525 என்று வாசித்திருந்தால் கணக்கு அழகாகச் சரிவரும், வீடு மட்டும் 10 சென்ரிமீற்றர் பிழைக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, தொடங்கிய வாசற்படிக்கே திரும்பி வந்து மூடுவது, அதாவது மறுபடி 10.000 வருகிறதா என்று பார்ப்பது. சின்ன வீட்டு வேலையில் ஓரிரு மில்லிமீற்றருக்குள் மூட வேண்டும். பின்நோக்கும் முன்நோக்கும் கருவியில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும்படி நின்றால், கருவியில் உள்ள பிழையும் தானாகவே அடிபட்டுப்போகும்.

இன்னொன்று, புத்தகத்தில் அழிறப்பர் வைக்கக்கூடாது. பிழைத்தால் ஒரு கோடு இழுத்து மேலே சரியானதை எழுதுங்கள். அழித்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

ஊர்க் காலநிலையும் பாடத்தில் ஒரு பகுதிதான். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மத்தியானம் ஸ்டாஃப் எண்கள் கானல் மாதிரி ஆடும். சீனக்குடாப் பக்கத் திறந்த வெளியில் 12 மணிக்கு வாசிக்கிற மில்லிமீற்றருக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன். காலை 6:30-க்குத் தொடங்கி 10-க்குள் முடியுங்கள், கருவிக்குக் குடை பிடியுங்கள். காற்றில் ஸ்டாஃப் சாய்கிறதா என்று சந்தேகமென்றால், பிடிக்கிற தம்பியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். அதில் வருகிற மிகக் குறைந்த வாசிப்புத்தான் நேராக நிற்கும்போது உள்ளது. வாடைக்காலத்தில், நவம்பர் டிசம்பரில், மழை. அத்திவாரக் குழிக்குள் தண்ணீர் நிற்கும், சைட் பாதி படுத்துவிடும். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுகிறவர்கள் இதையும் பார்த்துக்கொண்டால் நல்லது. மழை மாதத்தில் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் சீமெந்து மூட்டை எண்ணுவதில் போய்விடும்.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்டுக்குள் கடற்படை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று பயிற்சி செய்வோம் என்று கருவியை விரித்தால் விளக்கம் சொல்லியே பின்னேரமாகிவிடும். கல்லூரிக் கடிதம் இல்லாமல் பொது இடத்தில் அளக்க வேண்டாம்.

அளவெடுப்புத் தாள்

கியூ.எஸ். பக்கம் வருகிறவர்களுக்கு மட்டப் புத்தகத்தின் இடத்தில் இருப்பது அளவெடுப்புத் தாள். நாங்கள் டி.டி.எஸ். என்போம். தாளில் நான்கு நிரல்: எத்தனை தடவை, அளவுகள், பெருக்கிய விடை, விவரணம். இதே நான்கு நிரல் தாளின் மறுபாதியிலும் வரும்.

ஒரு சின்ன அறை. வெளி அளவு 4.00 மீற்றரும் 3.00 மீற்றரும், சுவர் 225 மில்லிமீற்றர். அத்திவாரக் குழி 600 மில்லிமீற்றர் அகலம், 750 ஆழம். எவ்வளவு மண் தோண்ட வேண்டும்? புதிதாக வருகிறவர் வெளிச் சுற்றளவு 14.00 மீற்றரை எடுத்துப் பெருக்கி 6.30 கன மீற்றர் என்பார். அப்படிச் செய்தால் மூலைகள் இரண்டு தடவை எண்ணப்படும். சுவரின் மையக்கோட்டின் நீளத்தை எடுக்க வேண்டும்: 14.00-இல் நான்கு மூலைக்கும் நான்கு சுவர்த் தடிப்பைக் கழியுங்கள், 4 தடவை 0.225, அதாவது 0.90. மிச்சம் 13.10. அதை 0.60-ஆலும் 0.75-ஆலும் பெருக்கினால் 5.895 கன மீற்றர். இந்த 13.10 ஒருமுறை வந்துவிட்டால் அத்திவாரக் கொங்கிறீற், கல்கட்டு, டி.பி.சி. (சுவரில் ஈரம் ஏறாமல் போடுகிற படை), சுவர் எல்லாத்துக்கும் அதுவே ஓடும். முதல் நாளே இதைக் கற்றுக்கொள்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

விவரணத்தை எப்படி எழுதுவது, எதைக் கன மீற்றரில், எதைச் சதுர மீற்றரில், எதை எண்ணிக்கையில் அளப்பது என்பதற்கு நாட்டுக்கென்று ஒரு நியமம் இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 573. அதை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் தானாகப் பதியும். விலைக்கு பி.எஸ்.ஆர். என்கிற கட்டட விலைவீத அட்டவணை. அதில் உள்ள வீதம் எப்படி உடைபடுகிறது, அதாவது இவ்வளவு சீமெந்து, இவ்வளவு மணல், இவ்வளவு மேசன் நாள் என்று பார்க்கப் பழகுங்கள். அரச வேலை எல்லாம் அதைத் தொட்டுத்தான் நடக்கும்.

கம்பிக்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறேன், சைட்டில் நின்றபடியே செய்யலாம். விட்டத்தை மில்லிமீற்றரில் வர்க்கித்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89. 16-க்கு 1.58. லொறியில் வந்த கம்பியின் எடைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே இதைப் போட்டுப் பார்த்தால், கடைக்காரர் உங்களை அடுத்தமுறை வேறு மாதிரிப் பார்ப்பார்.

சரி, கணினி

இப்போது ஆட்டோகேட். காசு கொடுத்துக் களவுப் பிரதி ஏற்ற வேண்டாம். படிக்கிற மாணவர் என்று உறுதிப்படுத்தினால் ஆட்டோடெஸ்க் கொம்பனியே இலவசமாகத் தருகிறது. மடிக்கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. 8 ஜி.பி. ரெம் உள்ள பழையது இரு பரிமாண வேலைக்குப் போதும். நில அளவைப் பக்கம் போகிறவர் கியூ.ஜி.ஐ.எஸ். என்கிற வரைபட சொஃப்ட்வெயாரை எடுத்துப் பழகலாம், அது எல்லாருக்கும் இலவசம்.

நில அளவைக்காரருக்கு ஒரு குறிப்பு. பழைய படங்களின் ஆள்கூறுகளில் பிதுருதலாகலைக்கு 200,000 - 200,000 என்று வைத்திருப்பார்கள். 1999-க்குப் பிந்திய எஸ்.எல்.டி.99 முறையில் அதே மலைக்கு 500,000 - 500,000. இரண்டையும் கலந்தால் உங்கள் காணி கடலுக்குள் போய் நிற்கும். எந்த முறை என்று கேட்காமல் எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள்.

படம் கீறுகிறவர்களுக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: கீறியதை ஏ3-இல் அச்சடித்து, ஸ்கேலை வைத்துக் கதவை அளந்து காட்டுங்கள். திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். தாளில் எழுத்து எறும்பளவுக்கு வந்திருக்கும், சுவர்க்கோடும் அளவுக்கோடும் ஒரே தடிப்பில் இருக்கும். கையால் ஒரு படமாவது கீறியவர் இந்தப் பிழையைச் செய்யமாட்டார்.

எங்கள் ஊர்ப் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று, கம்பிக்கு வெளியே எவ்வளவு கொங்கிறீற் மூட வேண்டும் என்ற எண். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் பழைய வீடுகளின் சிலாப்புக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். கொங்கிறீற் தட்டுத்தட்டாகக் கழன்று, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் தெரியும். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கிறது, துரு பருத்துக் கொங்கிறீற்றை வெளியே தள்ளுகிறது. கழுவாத கடல்மணலைப் போட்டிருந்தால் உப்பு வெளியில் இருந்து வரவும் தேவையில்லை. கடற்கரையில் இல்லாத ஊருக்குக் கீறிய படத்தை எடுத்து அப்படியே பெயரை மாற்றிக் கடற்கரைக் காணிக்குக் கொடுக்கிற பழக்கம் இங்கே நிறைய உண்டு. நீங்கள் கீறும்போது அந்த எண்ணைப் பொறியியலாளரிடம் கேட்டு எழுதுங்கள்.

சைட்டில்

பயிற்சிக் காலம் பெரும்பாலும் ஆறு மாதம். பெரிய கொம்பனிதான் வேண்டும் என்று கொழும்புக்கு ஓடாதீர்கள். பெரிய சைட்டில் உங்களை ஒரு மூலையில் ஃபொட்டோக்கொப்பி அடிக்க விட்டுவிடுவார்கள். ஊரில் ஒரு பாடசாலைக் கட்டடமோ இரண்டு மாடி வீடோ அத்திவாரத்தில் இருந்து லின்டல் வரைக்கும் பார்த்தால் அதில் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தகாரர் சீடாவில், அதாவது கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில், பதிவுள்ளவரா என்று கேளுங்கள். அந்தத் தரப்படுத்தலுக்குத் தகைமையுள்ள ஆட்கள் தேவை என்பதால், பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கவும் இடமுண்டு.

மேசன்மாரிடம் மரியாதையாக இருங்கள். "அண்ணே, இது ஏன் இப்பிடி?" என்று கேட்டால் அவர்கள் சொல்லித்தருவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. 3, 4, 5 வைத்து மூலைமட்டம் எடுப்பதையும், தண்ணீர்க் குழாயால் மட்டம் பிடிப்பதையும் நான் தம்பலகாமத்து மேசன் மாமா ஒருவரிடம்தான் பழகினேன். அதேநேரம், படத்தில் உள்ளதை "இப்பிடித்தான் நாங்க எப்பவும் போடுறது" என்று மாற்றினால், தலையாட்டிவிட்டு வராமல் எழுதிவையுங்கள். நாட்குறிப்பில் திகதி, காலநிலை, எத்தனை ஆள், என்ன வேலை, யார் என்ன சொன்னார். பில் தகராறு வரும்போது ஒப்பந்தகாரரையும் உங்களையும் காப்பாற்றுவது அந்தப் புத்தகம்தான்.

தங்கச்சிமாருக்குத் தனியாக. சைட்டில் பெண் பிள்ளைக்கு வேலை செய்ய ஏலுமா என்று அம்மா கேட்பார். ஏலும். ஆனால் பயிற்சிக்குச் சம்மதிக்குமுன் கழிப்பறை இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று வருத்தம் தேடிக்கொள்வீர்கள். பாதம் மூடிய சப்பாத்து, நீளக்கைச் சட்டை, தலைக்கவசம். துப்பட்டாவைச் சாரக்கட்டில் சிக்காதபடி இறுக்கிக் கட்டுங்கள் அல்லது வீட்டில் விட்டுவிடுங்கள். முதல் கிழமை "மிஸ் வெயிலுக்க நிக்காதீங்க" என்பார்கள். இரண்டாம் கிழமை நீங்கள் அளந்த அளவைப் பிழையென்று நிரூபிக்கப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் அதோடு கதை முடிந்தது.

முதல் வேலைக்குப் போகும்போது

சான்றிதழ்களோடு ஒரு ஃபைல் கொண்டுபோங்கள். அதில் நீங்கள் எழுதிய மட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம், உங்கள் வீட்டுக்கு எடுத்த அளவெடுப்புத் தாள், கையால் கீறிய ஒரு படம், கணினியில் கீறி அளவுத்திட்டத்தில் அச்சடித்த ஒரு படம். நேர்முகத்தில் நான் உட்கார்ந்தால் முதலில் திறப்பது அந்த ஃபைலைத்தான். வெட்டி எழுதிய எண்கள் இருந்தால் பரவாயில்லை, அடியில் சரிபார்ப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

கட்டார், துபாய் என்று போக நினைக்கிறவர்கள் என்.வி.கியூ. சான்றிதழின் மூலப்பிரதியை லெமினேட் பண்ணிவிடாதீர்கள். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தும்போது அந்தத் தாளின்மேல்தான் முத்திரை குத்த வேண்டும்.